செறிவுக் கணக்கும் சம்ப் தண்ணீரும்

பெங்களூரில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கான ஒரு பி.யூ. கல்லூரியில் பல ஆண்டுகளாக வேதியியல் கற்பித்து வருகிறேன். அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக் நகர்ப் பகுதிகளிலிருந்து வரும் தமிழ்ப் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் சிலர் இருப்பார்கள். பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும், புரியாத இடத்தை வகுப்பு முடிந்தபின் தமிழில் கேட்டுத் தெளிந்துகொள்வது அவர்கள் வழக்கம். அப்படி வரும் சந்தேகங்களில் பெரும்பாலானவை கரைசலின் செறிவையும், அதாவது ஒரு லிட்டரில் எவ்வளவு பொருள் கரைந்திருக்கிறது என்பதையும், தண்ணீர் சேர்த்து அதைக் குறைக்கும் நீர்த்தலையும் பற்றியவை.

‘எம் ஒன் வி ஒன்’ சூத்திரம் (M₁V₁ = M₂V₂; M செறிவு, V கனஅளவு) தெரியாமல் யாரும் வருவதில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது என்பது என் கருத்து. செறிவையும் கனஅளவையும் பெருக்கினால் கிடைப்பது கரைபொருளின் அளவு. தண்ணீர் எவ்வளவு சேர்த்தாலும் அது கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. இந்த ஒன்றை மனத்தில் வாங்கிக்கொண்ட பிள்ளைக்குச் சூத்திரமே தேவைப்படாது. வாங்கிக்கொள்ளாத பிள்ளை, 2 மோலார் (லிட்டருக்கு 2 மோல்; மோல் என்பது பொருளின் அளவைச் சொல்லும் அலகு) அமிலம் 50 மில்லியை 0.5 மோலாராக நீர்க்கச் சொன்னால், விடை 200 மில்லி என்று சரியாகக் கணக்கிட்டுவிட்டு, அமிலத்தோடு 200 மில்லி தண்ணீரையும் சேர்த்துவிடும். மொத்தம் 250 மில்லியாகி, செறிவு 0.4 மோலாராக இறங்கிவிடும். தாளில் கணக்கு சரி, குடுவையில் தவறு. 200 என்பது சேர்க்க வேண்டிய தண்ணீர் அன்று, கடைசியில் இருக்க வேண்டிய மொத்தக் கரைசல்.

ஆய்வகத்தில் நீண்ட கழுத்துள்ள குடுவையைக் கையில் கொடுத்து, கழுத்தில் பொறித்த கோடு வரை நிரப்பச் சொல்வதன் காரணத்தையும் இங்கேயே விளக்கிவிடுவேன். 50 மில்லி எத்தனாலையும் 50 மில்லி தண்ணீரையும் கலந்தால் 100 மில்லி வராது, சுமார் 97 மில்லிதான் வரும். திரவங்களின் கனஅளவை எல்லா இடத்திலும் அப்படியே கூட்டிவிட முடியாது என்பதால்தான் தண்ணீரைத் தனியே அளந்து ஊற்றாமல், கடைசிச் சில துளிகளைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நீர்மட்டத்தின் அடிவளைவு கோட்டைத் தொடும்போது நிறுத்துகிறோம்.

செறிவு தெரிந்த கரைசலோடு வினைபுரியவிட்டு இன்னொன்றின் செறிவைக் கண்டுபிடிக்கும் தரம்பார்த்தலில் அதே சூத்திரம் வேறு விதமாகக் காலை வாருகிறது. 0.05 மோலார் ஆக்சாலிக் அமிலம் 10 மில்லியைச் சூடாக்கி, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, பியூரெட் என்னும் அளவுக்குழாயிலிருந்து ஊதா நிறப் பெர்மாங்கனேட் கரைசலை விடுகிறோம். மாறாத இளஞ்சிவப்பு தோன்ற 10 மில்லி செலவாகிறது என்று வைத்துக்கொண்டால், பெர்மாங்கனேட்டின் செறிவும் 0.05 என்று எழுதத் தோன்றும். ஆனால் 5 மோல் ஆக்சாலிக் அமிலத்துக்கு 2 மோல் பெர்மாங்கனேட்தான் வேண்டும். ஆகவே விடை 0.02. நீர்த்தலில் பொருள் அதே பொருளாக இருக்கிறது. இங்கே ஒன்று இன்னொன்றோடு வினைபுரிகிறது. இரண்டையும் ஒரே சூத்திரத்துக்குள் அடைக்கப் பழக்குவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

இந்த எண்ணம் பிள்ளைகளிடம் ஆழமாகப் பதிவது எங்கள் ஊர் வீடுகளில் நிலத்தடியில் இருக்கும் சம்ப் தொட்டியை வைத்துக் கணக்குப் போடும்போதுதான். சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஏற்றிக் கொண்டுவரப்படும் காவிரித் தண்ணீரும், டேங்கரில் வரும் போர்வெல் தண்ணீரும் பல வீடுகளில் ஒரே நிலத்தடித் தொட்டியில்தான் கலக்கின்றன. போர்வெல் தண்ணீரில் லிட்டருக்கு 900 மில்லிகிராம் உப்புகளும் காவிரித் தண்ணீரில் 150 மில்லிகிராமும் கரைந்திருப்பதாகக் கொண்டு, முதலாவதில் 2000 லிட்டரும் இரண்டாவதில் 4000 லிட்டரும் கலந்தால் என்ன செறிவு வரும் என்று கேட்பேன். பாதி வகுப்பு சராசரி எடுத்து 525 என்று சொல்லும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் ஏற்கத்தக்க அளவு 500 என்பதால், தண்ணீர் தேறாது என்று முடிவும் கட்டிவிடும். உப்பின் மொத்த எடையை முதலில் கூட்டச் சொல்கிறேன். 18 லட்சம் மில்லிகிராமும் 6 லட்சமும் சேர்ந்து 24 லட்சம். அதை 6000 லிட்டரால் வகுத்தால் 400. தண்ணீர் தேறிவிடுகிறது.

இந்தக் கணக்கைப் போட்ட ஒரு மாணவி, “சார், கோடையில காவிரித் தண்ணி குறையுமே, எவ்வளவு வரைக்கும் குறையலாம்?” என்று கேட்டாள். பாடநூலில் இல்லாத, ஆனால் பாடத்தின் உயிரான கேள்வி அது. கலவை 500-இல் நிற்க வேண்டுமானால் 7 பங்கு போர்வெல் தண்ணீருக்கு 8 பங்கு காவிரித் தண்ணீர் வேண்டும் என்று அவளே கண்டுபிடித்தாள். அடுத்து நைட்ரேட்டையும் பார்க்கச் சொன்னேன். அதற்கு வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். மொத்த உப்புக்கு வேறு நீர் ஆதாரம் இல்லாத நிலையில் 2000 வரை தளர்வு உண்டு, நைட்ரேட்டுக்கு அதுவும் கிடையாது. போர்வெல்லில் 105, காவிரியில் 6 என்று கொண்டால், முதலில் போட்ட கலவையில் 39 வருகிறது. அவள் கண்டுபிடித்த 7-க்கு 8 கலவையிலோ 52-ஐத் தாண்டுகிறது. உப்பின் கணக்கில் தேறிய தண்ணீர் நைட்ரேட்டில் தேறவில்லை. கரைந்திருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் கணக்கைத் தனித்தனியாகப் போட வேண்டும் என்று நான் சொல்வதற்கு முன்பே, அவள் ஃபுளூரைடின் வரம்பு என்ன என்று கேட்டுவிட்டாள்.