மாமாவின் மடிக்கணினியும் கமலைச் சொற்களும்

2025 தீபாவளிக்கு நத்தம் போயிருந்தேன். அம்மாவின் அண்ணன், என் மாமா, அங்கேதான் இருக்கிறார். முப்பத்தொரு வருஷம் தமிழாசிரியராக வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு அவர் கையில் எடுத்துக்கொண்டது கிணற்றுப் பாசனச் சொற்களைத் திரட்டும் வேலை. மாடு பூட்டிக் கிணற்று நீரைக் கமலையில் இறைத்தவர்களில் இன்னும் இருப்பவர்கள் சிலர்தான், அவர்கள் போவதற்குள் கேட்டு எழுதிவிட வேண்டும் என்று மொபெட்டில் ஊர் ஊராகப் போனார். சால், தும்பி, வடம், வால்கயிறு என்று 1,140 சொற்கள் சேர்த்துவிட்டார். ஒவ்வொன்றுக்கும் பொருள், எந்த ஊரில் யாரிடம் கேட்டது, அவர் சொன்ன வாக்கியம். எல்லாவற்றையும் தானே தட்டச்சு செய்து மடிக்கணினியில் வைத்திருக்கிறார்.

போனதும் முதலில் அதைத்தான் விசாரித்தேன். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "எட்டு மாசமாத் தொடல மாப்ளே. அது தொறக்குறதுக்குள்ள நெனப்புக்கு வந்த சொல்லு போயிடுது."

அந்த வார்த்தை என்னை என்னவோ செய்துவிட்டது. அன்றைக்கே மடிக்கணினியை எடுத்து வைத்து உட்கார்ந்தேன்.

2017-ல் வாங்கியது. ஐ3 செயலி (ப்ராசசர்), 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. பட்டனை அமுக்கிவிட்டுக் கைப்பேசியில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டேன். மாமா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். அது அவருக்கு வழக்கமாகவே ஆகிவிட்டதாம். திரை வந்து, ஒரு கோப்புறையைச் சொடுக்கினால் திறக்கிற நிலைக்கு வர 7 நிமிஷம் 40 நொடி ஆயிற்று. வந்த வேகத்தில் வலது கீழ் மூலையில் சிவப்புக் கேடயம் போட்ட ஒரு பெட்டி, கணினியில் ஐந்து வைரஸ் இருப்பதாக மிரட்டியது. அதன் மேல் இன்னொன்று. அதை மூடினால் மூன்றாவது.

பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் காட்டியதற்கு, சிஸ்டம் பழசாகிவிட்டது, புதுசு வாங்கிவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். ஓய்வூதியத்தில் அதற்குப் பணம் ஒதுக்க முடியாமல் மாமா அப்படியே மூடி வைத்துவிட்டார்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, கணினியில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். செயலி 18 சதவீதம்தான். டிஸ்க் 100 சதவீதம், இறங்கவே இல்லை. வீட்டுக் கணினி மெதுவாகிவிட்டது என்று யார் சொன்னாலும் நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான். செயலி சும்மா இருந்து டிஸ்க் மட்டும் திணறினால், கணினி யோசிக்க முடியாமல் நிற்கவில்லை, எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் நிற்கிறது என்று அர்த்தம். மடிக்கணினி ஹார்ட் டிஸ்க்கில் தட்டு பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5,400 தடவை சுற்றும். ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. படிக்கிற முனை ஒன்றுதான் ஆட முடியும். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று சிதறிக் கிடப்பதைக் கேட்டால் நொடிக்கு நூறு தடவை எடுத்துக் கொடுப்பதே பெரிய விஷயம். பழைய ஆவண அறையில் ஒரே ஒரு உதவியாளர் ஏணி ஏறி இறங்கிக் கட்டு எடுத்துக் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பத்தொன்பது பேர் ஒரே நேரத்தில் வாசலில் நின்று கூப்பிட்டால் அவர் என்னதான் செய்வார்? கணினி எழும்போதே தானாகக் கிளம்பும் நிரல்கள் ஸ்டார்ட்அப் பட்டியலில் சரியாகப் பத்தொன்பது இருந்தன.

எதையும் தொடுவதற்கு முன்னால் மாமாவின் கோப்புகளைப் பென் டிரைவில் ஒரு படி, என் மடிக்கணினியில் ஒரு படி எடுத்து வைத்தேன். சுத்தம் செய்யப் போய் எழுதியதை இழந்தவர்களை எனக்குத் தெரியும். இந்த ஒரு காரியத்தை மட்டும் யாரும் தள்ளிப்போடாதீர்கள்.

பிறகு செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து, நிறுவிய தேதி வாரியாக அடுக்கினேன். பெயர் வாரியாகப் பார்த்தால் எது வேண்டியது, எது வேண்டாதது என்று லேசில் புரியாது. தேதி காட்டிக்கொடுத்துவிடும். 2025 பிப்ரவரி 7-ஆம் தேதி ஒரு கூட்டம்; அன்றைக்குக் கடையில் விண்டோஸை மறுபடி போட்டிருக்கிறார்கள். இரண்டு நாள் கழித்து, 9-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, ஒரே நாளில் ஏழு நிரல்கள். டிரைவர் புதுப்பிப்பான் இரண்டு, கணினியைச் சீராக்குவதாகச் சொல்லும் ஒன்று, பிடிஎஃப் மாற்றி, வீடியோ இறக்கி, தேடல் பட்டை, தள்ளுபடிக் கூப்பன் காட்டும் ஏதோ ஒன்று.

"அந்த ஞாயித்துக்கெழமை என்ன மாமா செஞ்சீங்க?"

மாமாவுக்கு நினைவு இருந்தது. கடையிலிருந்து கணினி வந்ததும் தன் சொற்கோப்பைத் திறந்திருக்கிறார். ஒரு எழுத்துகூடத் தமிழில் இல்லை. பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். ஆறு வருஷ உழைப்பு அழிந்துவிட்டது என்று அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லையாம். அத்தை சொன்னார்.

ஒன்றும் அழியவில்லை. மாமா எழுதியிருந்தது பாமினி எழுத்துருவில். பாமினியில் அம்மா என்று அடித்தால் கணினிக்குள் போவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்கிற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். பாமினி எழுத்துரு அவற்றின் மேல் அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று படம் வரைந்து காட்டும். விண்டோஸை மறுபடி போட்டபோது அந்த எழுத்துரு போய்விட்டது. படம் போனதும் அடியில் கிடந்த குறிகள் வெளியே தெரிந்தன. அவ்வளவுதான் விஷயம். அதை மாமாவிடம் சொல்லத்தான் ஆள் இல்லை.

யாரோ எழுத்துருவைத் தேடி இறக்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். மாமாவும் தேடியிருக்கிறார். வந்த பக்கத்தில் பெரிதாகப் பச்சைப் பட்டன், டவுன்லோட் என்று. அது விளம்பரம். உண்மையான இணைப்பு அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்திருக்கும். மாமா இறக்கிய கோப்பு இன்னும் டவுன்லோட்ஸ் கோப்புறையில் கிடந்தது: இஎக்ஸ்இ என்று முடியும் பெயர், 6 எம்பி. எழுத்துருக் கோப்பு டிடிஎஃப் என்றோ ஓடிஎஃப் என்றோ முடியும். பாமினி மாதிரிப் பழைய எழுத்துரு 1 எம்பிகூட வராது. எழுத்துரு கேட்ட இடத்தில் இஎக்ஸ்இ வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஆனால் இது ஒரு தமிழாசிரியருக்கு எப்படித் தெரியும்? நிறுவும்போது ஒவ்வொரு பக்கத்திலும் முன்கூட்டியே டிக் போட்டு வைத்த பெட்டிகள், அதன் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்து ஆங்கிலம். நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று போகிறவர் சம்மதித்ததாகக் கணக்கு. படித்துப் பார்க்காதது அவர் குற்றம் என்று சொல்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. அவர் படிக்கக்கூடாது என்பதற்காகவே அப்படி எழுதியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் இருந்தது. சீராக்குவதாகச் சொன்ன நிரல் 1,300 பிழைகள் இருப்பதாகக் காட்டி, சரிசெய்யப் பணம் கேட்டிருக்கிறது. உலாவியில் சேரும் குக்கீகளையும், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் பதிவேட்டில் கிடக்கும் வெற்று வரிகளையும் ஒவ்வொன்றாக எண்ணினால் எந்தக் கணினியிலும் ஆயிரம் வரும். "அதுக்கு நான் பணமும் கட்டுனேன் மாப்ளே" என்று மாமா மெதுவாகச் சொன்னார். 2,499 ரூபாய். வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒரு வருஷம் முடிந்தால் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாடு வேறு. வங்கி ஆப்பில் தானியங்கிப் பற்று அனுமதிகள் என்ற பகுதிக்குப் போய் அதை முதலில் ரத்து செய்தோம். ரிசர்வ் வங்கி விதிப்படி இப்படிப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன்னால் அறிவிப்பு வர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள் என்று அத்தையிடமும் சொல்லி வைத்தேன்.

நீக்குகிற வேலை ஞாயிறு முழுக்க நடந்தது. ஒவ்வொரு நிரலும் போவதற்கு முன்னால் ஒரு ஜன்னலைக் காட்டிக் கெஞ்சியது. வைத்துக்கொள்கிறேன் என்பது பெரிய பச்சைப் பட்டன். நீக்கு என்பது பட்டனே இல்லை, மூலையில் மங்கிய ஒரு வரி. மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "நானும் ரெண்டு மூணு தடவ எடுக்கப் பாத்தேன். எதை அமுக்கினாலும் அதுதான் ஜெயிச்சுச்சு."

ஆன்டிவைரஸ் இரண்டு இருந்தன. சோதனைப் பதிப்பு ஒன்று, காலம் முடிந்தும் நகராமல் உட்கார்ந்திருந்தது; பிறகு வந்து சேர்ந்த இலவசம் ஒன்று. ஒரு கோப்பைத் திறந்தால் இரண்டும் தனித்தனியாகச் சோதனை போடும். இரண்டையும் எடுத்ததும் விண்டோஸோடு வருகிற டிஃபெண்டர் தானாக விழித்துக்கொண்டது. வீட்டுக்கு அது போதும்.

குரோமைத் திறந்தால் மெனுவின் கடைசியில், உங்கள் நிறுவனம் இந்த உலாவியை நிர்வகிக்கிறது என்று ஒரு வரி. வீட்டுக் கணினிக்கு ஏது நிறுவனம்? தேவையில்லாத மென்பொருள் பூட்டுப் போட்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். இப்படிப்பட்ட மென்பொருளைத் துடைத்தெடுக்க மால்வேர்பைட்ஸ் நிறுவனம் தரும் ஆட்வ்கிளீனரை அவர்கள் தளத்திலிருந்தே இறக்கி ஓட்டினேன். இலவசம், நிறுவ வேண்டியதும் இல்லை. 63 எச்சங்களை எடுத்தது, அந்தப் பூட்டும் போயிற்று. குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் ஒளிந்திருந்து நீக்கியதைத் திரும்பக் கொண்டுவரும் ஒரு வரியைக் கையால் அழித்தேன். வைரஸ் மிரட்டல் பெட்டிகளோ, வைரஸும் இல்லை, நிரலும் இல்லை. ஏதோ தளங்கள் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டபோது மாமா அலவ் அமுக்கியிருக்கிறார். குரோமின் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதியில் 23 தளங்கள் வரிசையாக இருந்தன. அத்தனையையும் நீக்கிய நிமிஷமே மூலை அமைதியானது.

ராத்திரி மறுபடி ஸ்டாப்வாட்ச். 3 நிமிஷம் 5 நொடி. காசு ஒரு பைசா செலவில்லை.

தீபாவளி முடிந்து புதன்கிழமை மதுரைக்குப் போய், டவுன்ஹால் ரோட்டுக் கடையொன்றில் 256 ஜிபி எஸ்எஸ்டி 1,850 ரூபாய்க்கும், பழைய 4 ஜிபி ராம் 700 ரூபாய்க்கும் வாங்கி வந்தேன். எஸ்எஸ்டியில் சுற்றுகிற தட்டு இல்லை; ஹார்ட் டிஸ்க் நூறு தடவை எடுத்துக் கொடுக்கும் அதே நொடியில் இது பல்லாயிரம் தடவை கொடுக்கும். அடிமூடியில் பதினொரு திருகாணிகள். விண்டோஸைப் புதிதாகவே போட்டேன்; உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தது, டிஸ்க் மாறினாலும் போகாது. திறந்து நிற்க 24 நொடி.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. இந்தச் செயலியில் முறைப்படி விண்டோஸ் 11 ஏறாது. மைக்ரோசாஃப்டின் நீட்டிப்புத் திட்டத்தில் சேர்த்துவிட்டேன், 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அப்புறம் லினக்ஸா வேறா என்று மாமாவோடு உட்கார்ந்து பேச வேண்டும். மாமாவுக்கு நிர்வாகி அதிகாரம் இல்லாத ஒரு கணக்கைத் தனியாகத் திறந்தேன். இனி பெரும்பாலான நிரல்களை நிறுவக் கடவுச்சொல் கேட்கும். அந்தக் கடவுச்சொல்லை என்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. மாமாவே அதைத் தன் பஞ்சாங்கத்தின் உள்ளட்டையில் எழுதி வைத்திருக்கிறார்.

என் மனசில் பெரிதாக நின்றது வேறு வேலை. அந்த எழுத்துருவைத் தேடி மாமா இன்னொரு முறை போகவே கூடாது. சொற்கோப்பு முழுவதையும் யூனிகோடுக்கு, எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டுக்கு, மாற்றினோம். விண்டோஸிலேயே தமிழ் எழுத்துரு இருக்கிறது, தேட வேண்டியதில்லை. தமிழக அரசே 2010-ல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. மாற்றும் கருவி நிமிஷத்தில் முடித்துவிடும்; பிழை பார்ப்பதுதான் நாள் பிடிக்கிற வேலை. பழைய தட்டச்சுக்காரர்கள் ர் என்பதற்குத் துணைக்கால் போட்டு மேலே புள்ளி வைப்பார்கள். நடுநடுவே வந்த ஆங்கிலச் சொற்களையும் கருவி தமிழ் என்று நினைத்துக் குதறிவிடும். மூன்று சாயங்காலம் மாமா வாய்விட்டுப் படிக்க, நான் திருத்தினேன். புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஆனால் இப்படி ஒரு பிரதி இதுவரை என் கைக்கு வந்ததில்லை.

விரல்தான் மாமாவுக்குக் கவலை. இளவயதில் தட்டச்சு நிலையத்தில் யளனகப என்று அடித்துப் பழகிய கை. பாமினியும் அதே வரிசை என்பதால்தான் அதை விடாமல் வைத்திருந்தார். தமிழா குழுவினரின் இ-கலப்பையை நிறுவி, பழைய தட்டச்சு வரிசையைத் தேர்ந்து கொடுத்தேன். அடிப்பது பழையபடி, உள்ளே போவது யூனிகோடு. "பேரே கலப்பையா!" என்றார். இடது கைச் சுண்டுவிரலை ய-வில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு வரி அடித்துப் பார்த்தார். பிழையில்லாமல் வந்தது.

நான் ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகியிருக்கும். காலை ஆறு மணிக்கு வாட்ஸப்பில் மாமாவிடமிருந்து ஒரு செய்தி. கோப்பிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார். எண் 1,141. சால் மேலே வந்து தண்ணீர் கொட்டும் நேரத்தில் மாட்டை நிறுத்தக் கொடுக்கும் குரலுக்கு அவர்கள் பக்கத்தில் ஒரு பெயர் உண்டாம். சொன்னவர் 84 வயதுப் பெரியவர். கீழே ஒரு வரி: "எனக்குத் தெரியுற மாதிரியே உனக்கும் எழுத்து தெரியுதா மாப்ளே?"

தெரிகிறது மாமா என்று பதில் போட்டேன்.