பொதுச்சுவரும் அரசங்கன்றும்

வேலூர் கொசப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். பழைய தெருக்களில் அப்படித்தான் கட்டியிருப்பார்கள். பெரியம்மா இருந்தவரை அந்தப் பக்கம் அம்மி அரைக்கிற சத்தம் எங்கள் சமையலறையில் கேட்கும். சொந்தமெல்லாம் இல்லை, தெருவுக்கே அவர் பெரியம்மா. அவர் போன பிறகு வீட்டைப் பூட்டினார்கள். பதினோரு வருடம் பூட்டியே கிடந்தது.

முதல் சில வருடங்கள் பொங்கலுக்கு முன்னால் யாராவது வந்து கூட்டிப் பெருக்கிவிட்டுப் போவார்கள். அப்புறம் அதுவும் நின்றது. திண்ணையில் ராத்திரி சீட்டாட்டம், காலையில் பாட்டில். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். சமையலறைச் சுவரில் ஈரம் பூத்தபோதுதான் பயம் வந்தது. மழை விட்டு இரண்டு மாதமாகியும் காயவில்லை. வேலூர் வெயிலுக்கே காயாத ஈரம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொத்தனாரைக் கூப்பிட்டு எங்கள் மொட்டை மாடியிலிருந்து எட்டிப் பார்க்கச் சொன்னேன். அது மெட்ராஸ் தளம்: தேக்கு விட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, சுண்ணாம்புக் கலவை போட்டு, மேலே தட்டோடு என்கிற தட்டை ஓடு பதித்தது. சுவரோரம் ஓர் அரசங்கன்று என் உயரத்துக்கு நின்றது. "தட்டோடு விட்டுப்போச்சு தம்பி. சுவத்துக்குள்ள சொருகி இருக்குதே கட்டை முனை, அதான் முதல்ல உளுத்துப்போவும். வெளியில பாத்தா இரும்பாட்டம் தெரியும்" என்றார். 2021 நவம்பர் மழையில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து 9 பேர் இறந்தது எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் மறந்திருக்காது. அன்று ராத்திரி அம்மாவின் கட்டிலை முன்னறைக்கு மாற்றினேன்.

வாரிசுகள் மூன்று பேர். அண்ணன் பெங்களூரில், அக்கா ஆம்பூரில், கடைசித் தம்பி துபாயில். மூன்று பேரும் நல்லவர்கள், மூன்று பேரும் போனை எடுத்தார்கள். "அண்ணன் சொல்லட்டும்", "தங்கச்சி ஒத்துக்கணுமே", "நான் லீவுல வரேன்." பணம் இல்லாமலில்லை. ஒருவர் கை வைத்தால் மற்ற இருவரும் பாகத்துக்கு அடிபோடுகிறார் என்று நினைப்பார்களே என்ற பயம். எனக்கு இது புரியவே ஆறு மாதம் ஆனது.

இதற்கிடையில் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். 1975-க்குப் பிறகு அந்த வீட்டின்மேல் ஒரு பதிவும் இல்லை. பட்டா இன்னும் அவர்கள் தாத்தா பெயரில்.

சரி, மனு கொடுக்கலாம் என்று இரண்டு பக்கம் எழுதினேன். அம்மாவின் ஆஸ்துமா, சீட்டாட்டம், கொசு எல்லாம் அதில் இருந்தது. கதவு எண்ணும் சர்வே எண்ணும் மட்டும் இல்லை. தெரிந்த வக்கீல் குமாஸ்தா ஒருவர் படித்துவிட்டுச் சிரித்தார். "உங்க கஷ்டத்த ஒரு வரியில எழுதுங்க, ஆபத்த பத்து வரியில எழுதுங்க." இடிந்து விழக்கூடிய கட்டடத்தால் அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கோ தெருவில் போகிறவர்களுக்கோ ஆபத்து என்றால், பழுது பார்க்கவோ இடிக்கவோ கோட்டாட்சியர் உத்தரவிடலாம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 152-வது பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133 என்றார். சொத்து யாருக்கு என்ற பேச்சே அதில் வரக்கூடாது என்றும் சொன்னார். தெருவும் தெரிகிற மாதிரி படம் எடுத்து, பட்டா நகலோடு இணைத்து, சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் ஒன்று, மாநகராட்சி ஆணையருக்கு ஒன்று கொடுத்தேன். இரண்டுக்கும் ரசீது வாங்கி வைத்துக்கொண்டேன்.

பொறியாளர் வந்து பார்த்தார். கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அன்று சாயங்காலமே பெங்களூரிலிருந்து போன். "எங்கம்மா வீட்டப் பத்தி கலெக்டருக்கு எழுதுவியாடா?" நான் பதில் பேசவில்லை. பெரியம்மா இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை நான்.

ஆனால் மூன்றாவது வாரம் அண்ணனும் அக்காவும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள், தம்பி வீடியோ அழைப்பில். நோட்டீஸ் மூன்று பேருக்கும் சேர்த்துத்தானே வந்தது! இப்போது யாரும் முதலில் கை வைத்தவர் இல்லை.

ஜேசிபி வேண்டாம், ஆள் வைத்துத்தான் இடிக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக நின்றேன். பொதுச்சுவரை யாரும் தொடுவதில்லை, வெளிப்பக்கப் பூச்சுச் செலவு ஆளுக்குப் பாதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். வேலை தொடங்கும் முன் என் வீட்டு விரிசல்களை எல்லாம் தேதியோடு படமெடுத்து அவர்களுக்கும் அனுப்பினேன். இதைச் செய்யாமல் பிற்பாடு சண்டை போட்டவர்களை எனக்குத் தெரியும். மரக்கடைக்காரர் விட்டங்களையும் கதவுகளையும் எடுத்துக்கொண்டதில் இடிப்புக் கூலியில் பெரும்பங்கு கழிந்தது. வாசக்கால் மட்டும் ஆம்பூருக்குப் போனது.

அரசங்கன்றை வெட்ட அம்மா விடவில்லை. கற்பூரம் ஏற்றி மன்னிப்புக் கேட்ட பிறகுதான் கொத்தனார் கத்தியை எடுத்தார். வெளியே வந்த விட்டத்தின் முனையை விரலால் தொட்டேன். புட்டு மாதிரி உதிர்ந்தது. அண்ணன் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "டீ சொல்லுடா" என்றார்.

போன வாரம் எங்கள் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் இரண்டு இலையோடு ஒரு கன்று. அம்மாவுக்குத் தெரியாமல் பிடுங்கிவிட்டேன்.