கச்சான் காற்றும் முருங்கையிலையின் வைட்டமின் சியும்

கச்சான் அடிக்கத் தொடங்கினால் மட்டக்களப்பில் மத்தியானத்தில் பயிரெல்லாம் சோர்ந்து தொங்கும். வெயிலும் வறண்ட காற்றும் சேர்ந்து உறிஞ்சுவதால், நீரைக் காப்பாற்ற இலை தன் இலைவாய்களை, அதாவது காற்றும் நீராவியும் போய்வரும் நுண்துளைகளை, மூடிக்கொள்கிறது. மூடினால் காபனீரொட்சைட்டு உள்ளே வராது. ஒளி மட்டும் விழுந்துகொண்டே இருக்கும். செலவழிய வழியில்லாத அந்தச் சக்தியில் ஒரு பகுதி ஒட்சிசனில் ஏறி, ஒளித்தொகுப்பு நடக்கும் பச்சையவுருமணிக்குள் ஐதரசன் பேரொட்சைட்டு உண்டாகிறது. அது தேங்கினால் ஒளித்தொகுப்பு நொதியங்களே பழுதாகிவிடும். செடி வைட்டமின் சி செய்வது முதலில் இதைத் தாங்கத்தான். நமக்குக் கிடைப்பது அதன் மிச்சம்.

அசுக்கோபேற்றுப் பேரொட்சிடேசு என்ற நொதியம் வைட்டமின் சியைச் செலவழித்துப் பேரொட்சைட்டைத் தண்ணீராக்குகிறது. செலவானதை, குளுத்தாதயோன் என்ற இன்னொரு பொருள் மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரும். அந்தத் திருப்பம் தாமதித்தால் மூலக்கூறின் வளையம் உடைந்துவிடும், பிறகு மீட்க முடியாது. மிதமிஞ்சிய ஒளியை வெப்பமாக வெளியேற்றும் சியாசாந்தின் என்ற மஞ்சள் நிறப்பொருள் உருவாகவும் இதே வைட்டமின் வேண்டும்.

செடி இதைச் சீனியிலிருந்து செய்கிறது. மனோசு, கலற்றோசு என்ற சீனி வகைகள் வழியாகப் போகும் அந்தப் பாதையை 1998இல் வீலர், ஜோன்ஸ், ஸ்மிர்னொஃப் என்ற ஆய்வாளர்கள் மூவரும் வெளியிட்டார்கள். கடைசிப் படி நடப்பது இழைமணியில் (மைற்றோகொண்ட்ரியாவில்). ஒளி கூடினால் உற்பத்தியும் கூடும், இருட்டில் குறையும். அதனால் ஒரே முருங்கை மரத்தில் வெயில்படும் இலைக்கும் நிழல் இலைக்கும் வித்தியாசம் இருக்கும். இதை வீட்டிலேயே பார்க்கலாம்.

ஒரு தேக்கரண்டி சோளமாவை ஒரு கோப்பைத் தண்ணீரில் காய்ச்சி ஆறவிடுங்கள். 50 மில்லிலீற்றர் தண்ணீரில் அதில் ஒரு தேக்கரண்டி கலந்து, காயத்துக்குப் பூசும் பொவிடோன் அயடீன் ஒரு துளி விட்டால் நீலமாகும். இப்படி இரண்டு கிளாஸ். வெயில் இலை 20 கிராம், நிழல் இலை 20 கிராம் தனித்தனியாக எடுத்து, ஒவ்வொன்றையும் 50 மில்லிலீற்றர் தண்ணீரும் ஒரு தேக்கரண்டி வினாகிரியும் விட்டு இடித்து, துணியில் வடியுங்கள். ஊசி கழற்றிய 5 மில்லிலீற்றர் சிறிஞ்சால் சாற்றைத் துளித்துளியாக நீலத்தில் விட்டுக் கலக்க வேண்டும். கிளாசை வெள்ளைத் தட்டில் வைத்துப் பாருங்கள்: நீலம் கறுத்து, மங்கி, சட்டென்று போய் இளம்பச்சை மட்டும் மிஞ்சும். அங்கே நிறுத்தி அளவைக் குறியுங்கள். வைட்டமின் சி அயடீனின் நிறத்தைப் போக்கும், அதனால் குறைந்த சாற்றிலேயே நீலம் போனால் அந்த இலையில் வைட்டமின் சி அதிகம். கலவையைக் குடிக்கக்கூடாது, ஊற்றிவிடுங்கள்.

இதில் பிழைப்பது பெரும்பாலும் நேரத்தில்தான். இடித்ததும் இலையின் நொதியங்களும் காற்றும் வைட்டமின் சியைத் தின்னத் தொடங்கும். அரை மணித்தியாலம் வைத்த சாறு பொய் சொல்லும். வினாகிரி அதை மெதுவாக்கும். அதற்குப் பதில் தேசிக்காய் பிழிந்தால், தேசிக்காயின் வைட்டமின் சியும் சேர்ந்து கணக்கு கெடும். இலையிலுள்ள பீனோல்கள் என்ற வேறு பொருள்களும் அயடீனைக் கொஞ்சம் வெளுக்கச் செய்வதால், முருங்கையை வல்லாரையோடு ஒப்பிடாதீர்கள். ஒரே மரத்து இலைகளை ஒப்பிடுவதுதான் சரி.

தோட்டம் செய்பவர்களுக்கு ஒன்று: யூரியாவை அள்ளிப் போட்டால் இலை கரும்பச்சையாகக் கொழுக்கும், வைட்டமின் சியோ பொதுவாகக் குறையும். கடற்கரைப் பக்கம் கிணற்று நீர் உப்பான இடங்களில் சிலர் அசுக்கோபிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, கரைத்துத் தெளிக்கிறார்கள். உப்புத் தாக்கத்தைத் தாங்க அது உதவியதாகச் சோதனை முடிவுகள் உண்டு. ஆனால் செப்புப் பூஞ்சைநாசினி போட்ட தாங்கியில் கரைத்தால் வீண், செப்பு அதை விரைவாக ஒட்சியேற்றிவிடும். கரைத்த அன்றே, வெயில் இறங்கிய பிறகு தெளிக்க வேண்டும். என்னைக் கேட்டால், அந்தக் காசுக்கு முதலில் அடிமரத்தைச் சுற்றி வைக்கோல் மூடாக்குப் போடலாம். மண் ஈரம் நின்றால் இலைவாய் திறந்திருக்கும், பேரொட்சைட்டும் குறையும்.

சமையலில், முருங்கையிலையை உருவி அலசியதும் சுண்டிவிடுங்கள், காலையில் உருவியதை மாலைவரை வைக்க வேண்டாம். தேசிக்காய்ப்புளி அடுப்பை அணைத்த பிறகு.