ஏரிக்கரையில் துளையுடலி

ஜூன் 17, செவ்வாய்

பிளஸ் ஒன் விலங்கியலில் இன்று துளையுடலிகள், அதாவது 'பஞ்சு' என்று சுருக்கிச் சொல்லும் கடற்பஞ்சு வகை விலங்குகள். தர்மபுரியிலிருந்து கடலுக்கு எந்தப் பக்கம் போனாலும் குறைந்தது நாலைந்து மணி நேரம் ஆகும். வகுப்பில் பாதிப் பேர் கடலைப் பார்த்ததே இல்லை. நரம்பு இல்லை, வயிறு இல்லை என்று சொல்லிக்கொண்டே போனேன். "அப்போ எதை வச்சு மிஸ் சாப்பிடுது?" என்று கடைசி பெஞ்சில் ஒருத்தி கேட்டாள்.

பஞ்சின் உள்சுவரில் வரிசையாகக் காலர் செல்கள், சட்டைக் காலர் மாதிரி விளிம்பு வைத்தவை. ஒவ்வொன்றிலும் ஒரு கசையிழை, சாட்டை போல அடிக்கும் நுண்ணிய இழை. அவை எல்லாம் சேர்ந்து அடித்து நீரை உள்ளே இழுக்கும். அதில் வரும் பாக்டீரியாவைக் காலர் பிடித்துக்கொள்ளும். தனியாக நீந்தித் திரியும் கொயனோஃபிளாஜெல்லேட் என்ற ஒருசெல் உயிரியும் அச்சு அசல் இதே உருவம்தான். 1860களிலேயே ஜேம்ஸ்-கிளார்க் என்ற அமெரிக்கர் இந்த ஒற்றுமையைக் கவனித்து எழுதிவிட்டார்.

ஜூன் 18, புதன்

அவள் விடவில்லை. பாக்டீரியாவைத் தின்கிற பஞ்சுக்குள்ளேயே பாக்டீரியா குடியிருக்கிறது என்கிறீர்களே, அதை ஏன் தின்பதில்லை?

பாடப்புத்தகம் 'இரண்டுக்கும் நன்மை' என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறது. எனக்கு அந்த வரியே பிடிக்காது. சில கடற்பஞ்சுகளில் உடம்பின் கன அளவில் 40 விழுக்காடு வரை நுண்ணுயிர்கள்தான். அவ்வளவு பேர் குடியிருக்கும் வீட்டில் வாடகைக் கணக்கு இல்லாமலா இருக்கும்?

1984-இல் கிளைவ் வில்கின்சன் குழுவினர் செய்த சோதனையைச் சொன்னேன். கதிரியக்க அடையாளமிட்ட பாக்டீரியாக்களைப் பஞ்சுக்குக் கொடுத்தார்கள். சாதாரணக் கடல் பாக்டீரியா செரித்துப்போனது. பஞ்சிலிருந்தே பிரித்தெடுத்த கூட்டாளி பாக்டீரியாவோ செரிக்காமல், வெளியேறும் நீரோடு அப்படியே போய்விட்டது. தன் ஆள் யார் என்று பஞ்சுக்குத் தெரிகிறது, அல்லது அந்த பாக்டீரியா தன்னை மறைத்துக்கொள்கிறது. பல இனங்களில் இந்தக் கூட்டாளிகளைத் தாய்ப்பஞ்சே முட்டையிலும் லார்வாவிலும் வைத்து அனுப்பிவிடுகிறது.

ஜூன் 21, சனி

வீட்டில் உட்கார்ந்து படித்ததில் ஒன்று தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. நீலப்பச்சை பாக்டீரியாவும் பாசியும் ஒளிச்சேர்க்கை செய்து பஞ்சுக்குச் சர்க்கரை தருகின்றன. பவளத்திட்டுப் பஞ்சுகள் சிலவற்றுக்குப் பாதிக்கு மேல் உணவு இந்த வழியில்தான். சரி, தடித்த உடம்புக்குள் வெளிச்சம் எப்படிப் போகும்? டெத்தியா என்ற உருண்டைப் பஞ்சில் சிலிக்கா நுண்முட்கள் நடுவிலிருந்து கதிர் கதிராக வெளியே நீண்டிருக்கும். ஒளி பதியும் தாளைப் பஞ்சுக்குள் செருகிப் பார்த்திருக்கிறார்கள். முள்ளின் வழியே வெளிச்சம் உள்ளே இறங்குவது தாளில் பதிந்தது. 2008-இல் வெளிவந்த வேலை இது. இன்டர்நெட் கேபிளுக்குள் ஓடும் கண்ணாடி இழையும் இதே சிலிக்காதான்!

ஜூன் 22, ஞாயிறு

தம்பி மகனோடு பாலக்கோடு ரோட்டில் ஓர் ஏரிக்குப் போனேன். நீர் வற்றிய ஓரத்தில் கிடந்த சீமைக்கருவேலக் குச்சியில் பழுப்பாக, சொரசொரப்பாக ஒரு பொருக்கு. "அத்தை, கை அரிக்குது" என்றான். எனக்கு வந்த சந்தோஷத்தை அவனிடம் காட்டிக்கொள்ளவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

பொருக்கில் ஒரு துண்டைப் பிளீச்சிங் கரைசலில் போட்டோம். சதை கரைந்து, மைக்ராஸ்கோப்பில் ஊசி ஊசியாகக் கண்ணாடி முட்கள். நன்னீர்ப் பஞ்சுதான். என்ன இனம் என்று அடித்துச் சொல்ல நான் ஆள் இல்லை.

ஐரோப்பிய ஏரிகளில் இருக்கும் ஸ்பாஞ்ஜில்லா லகுஸ்ட்ரிஸ் வெளிச்சத்தில் பச்சை, இருட்டில் வெளுப்பு. அதன் செல்களுக்குள் வாழும் குளோரெல்லா போன்ற ஒருசெல் பாசிதான் அந்தப் பச்சைக்குக் காரணம். எல்லாக் குடித்தனமும் இப்படி ஒழுங்காக இருப்பதில்லை. அண்டார்க்டிகாவில் டயாட்டம் என்ற ஒருசெல் பாசிகளில் சில பஞ்சுக்குள் புகுந்து அதையே தின்று வாழ்வதாகச் சொல்கிறார்கள். மருந்துக் கதை இன்னும் வேடிக்கை. மருந்துக்கு உதவுமா என்று ஆராயப்படும், தியோனெல்லா பஞ்சின் சரக்கு என்று பேர் வாங்கிய நச்சுப் பொருட்களில் பெரும்பாலானவற்றைத் தயாரிப்பது அதற்குள் இருக்கும் என்டோதியோனெல்லா என்ற பாக்டீரியா என்று 2014-இல் தெரிந்தது. உழைப்பு ஒருவருடையது, பேர் இன்னொருவருக்கு.

ஜூன் 26, வியாழன்

பொருக்கின் அடியில் ஜெம்யூல்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வறட்சியைத் தாண்டி, நீர் கிடைத்ததும் புதுப் பஞ்சாக முளைப்பவை. இரண்டு பாட்டிலில் ஏரி நீரோடு போட்டிருக்கிறோம். ஒன்று ஜன்னலில், மற்றது கறுப்புத் தாள் சுற்றி அலமாரியில். முளைத்தால் எது பச்சையாகும் என்று பிள்ளைகள் பந்தயம் கட்டிவிட்டார்கள். ஹெச்.எம். எட்டிப் பார்த்து, நாற்றம் வந்தால் தூக்கிப் போட்டுவிடுவேன் என்றார். நியாயம்தான், செத்த பஞ்சு எப்படி நாறும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.