நாய் உணவில் கொழுப்பும் பதப்பொருளும்

நாய்களுக்கான உலர் உணவு தயாரிக்கும் ஆலையில், தரக்கட்டுப்பாட்டு லேபில் எனக்கு வேலை. வாடிக்கையாளர் கேள்விகள் சுற்றிச் சுற்றிக் கடைசியில் எங்கள் மேஜைக்குத்தான் வரும். அதிகம் வருவது ஒரே கேள்வி: “இதில் செயற்கைப் பதப்பொருள் இருக்கிறதா? என் நாய்க்குப் புற்றுநோய் வந்துவிடுமா?” இதைக் கேட்டுச் சிரிக்கிற சக ஊழியர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பெரும்பாலான நாய்கள் ஒரே உணவைத்தான் வேளை தவறாமல், வருடக்கணக்காகச் சாப்பிடுகின்றன. நாம் எதையும் அப்படிச் சாப்பிடுவதில்லையே.

பதப்பொருள் எதற்கு என்பது ஆலைக்குள் நின்றால் புரியும். மாவை அழுத்தித் துண்டுகளாகப் பிதுக்கும் எக்ஸ்ட்ரூடர் இயந்திரத்திலிருந்து வந்து காய்ந்த துண்டுகளில் பெரிதாக ருசி இருக்காது. நாய் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். அதனால் அவற்றைச் சுழலும் டிரம்மில் போட்டு, மேலே சூடான கொழுப்பைத் தெளிக்கிறோம். பெரும்பாலும் கோழிக் கொழுப்பு, சிலவற்றில் மீன் எண்ணெய். துளைத்துளையான துண்டு, மேலெல்லாம் கொழுப்பு, சுற்றிலும் காற்று. ஆக்சிஜனுக்கு இதைவிட என்ன வசதி வேண்டும்? தடுக்க ஏதும் இல்லையென்றால் சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும், கூடவே வைட்டமின் ஈ-யும் அழியும். (டப்பாவில் அடைத்த ஈர உணவுக்கு இந்தத் தொல்லை குறைவு, மூடி முத்திரையிட்ட பிறகு வெப்பத்தில் கிருமிநீக்கம் செய்துவிடுகிறார்கள்.)

கெட்டிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை எனக்குப் பிடித்த வேலை. அரைத்த மாதிரியிலிருந்து கொழுப்பைப் பிரித்து, அசிட்டிக் அமிலம் கலந்த கரைப்பானில் கரைத்து, பொட்டாசியம் அயோடைடு விடுவோம். ஆக்சிஜன் பட்டுக் கொழுப்பு கெடத் தொடங்கும்போது உருவாகும் பெராக்சைடு இருந்தால் அயோடின் வெளியேறும். ஸ்டார்ச் சேர்த்ததும் நீலம். பியூரெட்டிலிருந்து தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தால், ஏதோ ஒரு சொட்டில் நீலம் சட்டென்று காணாமல் போகும். அதை வைத்துப் பெராக்சைடு எண்ணைக் கணக்கிடுவோம். ஆனால் இந்த எண் ஏறிக்கொண்டே போகாது. ஒரு கட்டத்துக்கு அப்புறம் பெராக்சைடுகளே உடைந்து ஆல்டிஹைடுகளாக மாறும், எண் இறங்கிவிடும். நன்றாகக் கெட்டுப்போன கொழுப்பு காகிதத்தில் நல்ல பிள்ளையாக நிற்கும். அதனால் அந்த ஆல்டிஹைடுகளைக் காட்டும் அனிசிடின் எண்ணையும் சேர்த்துப் பார்க்கிறோம். நான் பையைத் திறந்து முகர்ந்தும் பார்ப்பேன். பழைய பெயின்ட் வாடை வந்தால் எந்த எண்ணும் என்னைச் சமாதானப்படுத்தாது.

சரி, பயத்துக்கு ஆதாரம் உண்டா? கொஞ்சம் உண்டு. பிஎச்ஏ என்ற செயற்கைப் பதப்பொருள் அதிக அளவில் கொடுக்கப்பட்ட எலிகளுக்கு முன்னிரைப்பையில் கட்டிகள் வந்தன. அந்த உறுப்பு நாய்க்கும் கிடையாது, மனிதருக்கும் கிடையாது. இருந்தாலும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை பிஎச்ஏவை 2பி பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம் என்ற வரிசையில் வைத்திருக்கிறது. எத்தாக்சிகுயின் என்ற இன்னொரு செயற்கைப் பதப்பொருளின் கதை இன்னும் சிக்கல். நாய்களின் கல்லீரலில் நிறமி படிவதையும் நொதி அளவு கூடுவதையும் ஓர் ஆய்வு காட்டிய பிறகு, 1997-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ, 150 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 150 பங்கு) என்ற உச்ச வரம்பை 75-ஆக நீங்களாகவே குறைத்துக்கொள்ளுங்கள் என்று நாய் உணவுத் தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் தீவனச் சேர்க்கைப் பொருளாக அதற்கு இருந்த அனுமதியையே நிறுத்திவைத்தது.

எனக்கு உறுத்துவது வேறு இடம். நாய் உணவில் சேரும் மீன்தூள், கப்பலில் போகும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு. அதனால் ஆக்சிஜனேற்றத் தடுப்பான் சேர்த்துத்தான் அனுப்புவார்கள், பல காலமாக அது பெரும்பாலும் எத்தாக்சிகுயின்தான். மூட்டை ஆலைக்கு வரும்போதே அது உள்ளே இருக்கும். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் பையின் முகப்பில் “நாங்கள் பதப்பொருள் சேர்ப்பதில்லை” என்று பெரிதாக அச்சடித்தார்கள். எழுத்துக்கு எழுத்து உண்மைதான், ஆலைக்குள் யாரும் சேர்க்கவில்லை! பிஎச்ஏ என்று பெயர் போட்டு எழுதுகிறவரை நம்பலாம், இந்த வரியை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

என்னைக் கேட்டால் டோகோபெராலுக்குத்தான் ஓட்டு. வைட்டமின் ஈ குடும்பம்தான் அது. ரோஸ்மேரிச் சாறும் சேர்ப்பதுண்டு. ஆனால் இவை செயற்கைப் பதப்பொருள் அளவுக்கு நாள் தாங்காது, காலாவதித் தேதியைக் கிட்டத்தில் போட வேண்டியிருக்கும், விற்பனைப் பிரிவு முகம் சுளிக்கும். அப்புறம் வீட்டில் நடப்பது. பையைப் பிரித்து உணவைப் பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டுகிறார்கள்; சுவரில் ஒட்டிய பழைய கொழுப்பின் மேலேயே புதியதும் விழும். பையோடு டப்பாவுக்குள் வைத்தால் தொகுதி எண்ணாவது கையில் இருக்கும். வைக்கிற இடமும் 27 டிகிரிக்குக் கீழே இருப்பது நல்லது.

போன் செய்கிறவர்களிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஒரு கேள்வியும் கொடுத்து அனுப்புகிறேன்: “மீன்தூளும் கொழுப்பும் உங்களிடம் வரும்போதே அவற்றில் என்ன சேர்ந்திருக்கிறது?” எந்தக் கம்பெனியானாலும் இதற்கு எழுத்தில் பதில் தரட்டும், எங்களையும் சேர்த்துத்தான். இப்படி நான் சொல்லிக்கொடுப்பது விற்பனைப் பிரிவுக்கு இன்னும் தெரியாது.