தண்ணி உக்காரட்டும்

பாலக்காட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஹைட்ராலிக்ஸ் லேபில் சாருக்குத் துணையாக நிற்பது. சாருக்குச் சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ் பேசும் விவசாயக் குடும்பம். வகுப்பில் ஆங்கிலம், ஆபீசில் மலையாளம், கோபம் வந்தால் மட்டும் கொங்குத் தமிழ். கோபம் அபூர்வம் என்பதால் அந்தத் தமிழைக் கேட்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

அதற்குக் காரணமும் நான்தான். வி-நாட்ச் என்பது V வடிவில் வெட்டிய தகடு. அதில் தண்ணீர் வழியும் உயரத்தை வைத்து ஓட்டத்தைக் கணக்கிடுவோம். அந்த உயரத்தை ஹூக் கேஜ் என்ற கொக்கி அளவியில் பார்க்க வேண்டும். வால்வைத் திருப்பியதும் தொட்டியில் தண்ணீர் தளும்பும். அது அடங்கும்வரை காத்திருக்கப் பையன்களுக்குப் பொறுமை கிடையாது. அன்றைக்கு எனக்கும் இல்லை. நிஜ ஓட்டத்துக்கும் சூத்திரம் சொல்லும் ஓட்டத்துக்கும் உள்ள விகிதமான கெழு 0.60 வரும்படி ரீடிங்கைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு எழுதவிட்டேன். அது எல்லாக் கல்லூரியிலும் நடக்கிற பழைய வித்தைதான். ரெக்கார்ட் நோட்டுகளைப் புரட்டிய சார், "என்ன தம்பி, ஆறு பேட்ச்சுக்கும் 0.60 வந்திருக்குது? தண்ணி இத்தனை ஒழுக்கமானது இல்லையே" என்றார். பையன்களை அனுப்பிவிட்டு என்னை மட்டும் திரும்பச் செய்யச் சொன்னார்.

வி-நாட்சில் உயரத்தின் இரண்டரை அடுக்கில் ஓட்டம் ஏறும். பத்து சென்டிமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தப்பாகப் பார்த்தால் ஓட்டத்தில் இரண்டரை சதவீதம் பிசகும். இது எனக்கும் தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அன்றைக்குத் தொட்டியோரம் நின்றபோதுதான் உறைத்தது. நான் கொக்கியைத் திருகப்போகும்போதெல்லாம், "தண்ணி இன்னும் உக்காரலை" என்பார். ஐந்து ரீடிங் எடுக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று.

அவருக்கு இது வெறும் லேப் விஷயமில்லை. அவர் வயல் கேரளப் பக்கம், சிற்றூர்ப்புழை ஆற்றுப் பாசனத்தில் இருந்தது. மனைவி வீடு பொள்ளாச்சிப் பக்கம். மச்சானின் தென்னந்தோப்பு தமிழ்நாட்டின் பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தில். பரம்பிக்குளம் அணை கேரளத்து மண்ணில் இருக்கிறது, இயக்குவது தமிழ்நாடு. 1970 ஒப்பந்தப்படி எல்லையோர மணக்கடவில் கேரளத்துக்கு வருடத்துக்கு 7.25 டிஎம்சி, அதாவது 725 கோடி கன அடி தண்ணீர் விட வேண்டும். "எங்க வீட்டுல பந்திக்கு உக்காந்தா ரெண்டு மாநிலமும் எதிரெதிர உக்காரும்" என்று சிரிப்பார். முதல் வகுப்பிலேயே அந்த 7.25ஐக் கரும்பலகையில் எழுதி, வருடம் முழுக்க ஒரே சீராக விட்டால் நொடிக்கு எவ்வளவு என்று கேட்பார். ஏறக்குறைய 230 கன அடி. "இப்பச் சொல்லுங்க, மழை சீராப் பெய்யுதா? பயிர் சீராக் குடிக்குதா?" என்பார். சிற்றூர்ப் பையன்களும் பொள்ளாச்சிப் பையன்களும் அடித்துக்கொள்ளாமல் தண்ணீரைப் பற்றிப் பேசியது அந்த ஒரு வகுப்பில்தான்.

மாலை நாலு இருபதுக்கு அவருக்குப் பஸ். எந்தக் கூட்டமாக இருந்தாலும் எழுந்துவிடுவார். பையன்கள் வைத்த பட்டப்பெயர் 'ஃபோர் ட்வென்ட்டி'. ஒரு ரீடிங்கைக்கூடப் பொய்யாக எழுதாத மனிதருக்கு அந்தப் பெயர்! மனைவி பள்ளி ஆசிரியை, வீடு திரும்ப ஆறு மணியாகும். அதற்குள் மகளுக்குப் பலகாரம், மாட்டுக்குத் தண்ணீர், ராத்திரிக்கு உலை எல்லாம் சாரின் பொறுப்பு. திருவனந்தபுரத்தில் பெரிய பொறுப்பு வந்தபோது வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஸ்டாஃப் ரூமில் சிரித்தார்கள். நானும் கூடச் சிரித்தேன். அவரிடம் செய்த என் பிஎச்டி ஏழு வருடம் இழுத்ததற்கு அந்த நாலு இருபது பஸ்ஸும் ஒரு காரணம். அந்த வருத்தம் இன்றைக்கும் முழுசாகப் போகவில்லை.

போன வருடம் சார் காலமானார். காரியம் முடிந்து சில நாள் கழித்துப் போனேன். மகள் ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து வைத்தாள். மாதத்தின் முதல் ஞாயிறு, வீட்டுக் கிணற்றில் கல் கட்டிய கயிற்றை இறக்கி, மேல்சுவரிலிருந்து தண்ணீர் எத்தனை அடியில் என்று பார்த்து எழுதியது. எண் எழுதப் பழகிய நாளிலிருந்து அவள்தான் எழுதினாளாம். வெளியூருக்குப் படிக்கப் போன பிறகு சாரின் கையெழுத்து.

"2003ல பாருங்க அண்ணா, ஒரே மாசத்துல ஒன்றரை அடி இறங்கியிருக்கு. அவ்வளவு பஞ்சமா?" என்றாள்.

அது வறட்சிக் காலம்தான். நானும் ஆமாம் என்று தலையாட்டியிருப்பேன். பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில், கோணல்மாணலான குழந்தை எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'கிணத்துச் சுவர் 1½ அடி உசத்திக் கட்டினோம். தண்ணி இறங்கலை.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். தான் எழுதியது அவளுக்கே நினைவில்லை.

அன்று மாதத்தின் முதல் ஞாயிறு. கயிறு திண்ணை ஆணியில் தொங்கியது. எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். சமையலறையிலிருந்து அவள் அம்மா குரல் கொடுத்தார்: "கொஞ்சம் பொறுங்க தம்பி, இப்பத்தான் மோட்டாரை நிறுத்தினேன். தண்ணி உக்காரட்டும்."