உப்பு கேட்டாவது கதவ தட்டுங்க

கோலாலம்பூர் செந்தூல்ல எங்க பிளாட்ல ராத்திரி அடிதடி சத்தம் கேட்டா முன்னெல்லாம் "புருஷன் பொண்டாட்டி சண்டை, நமக்கெதுக்கு"ன்னு டிவி சவுண்ட கூட்டிக்குவோம், நானும் அப்படித்தான் இருந்தேன், இப்ப நினைச்சா நெஞ்சு வலிக்குது. இப்ப அக்காங்க நாலஞ்சு பேரு வாட்சாப் குரூப் வச்சிருக்கோம், சத்தம் கேட்டா ரெண்டு பேரா போய் உப்பு இருக்கா சீனி இருக்கான்னு கதவ தட்டுவோம், அவ்ளோதான், ஆனா பல தடவ ஓங்குன கை அதோட இறங்கியிருக்கு. உயிருக்கு ஆபத்துன்னா 999தான், யோசிக்கவே மாட்டோம்.

அப்புறமா அந்த பொண்ணுகிட்ட தனியா தாலியான் காசே (Talian Kasih)ங்கற அரசாங்க உதவி லைன் நம்பர் 15999 குடுப்போம். சமூகநல இலாகாவே 7 நாளைக்கு அவசர பாதுகாப்பு ஆணை குடுக்கலாம், அதுக்கு கோர்ட்டுக்கு அலைய வேணாம், இது எத்தன பேருக்கு தெரியும் சொல்லுங்க?

போன வாரம் நாலாவது மாடி அங்கிள் ஒருத்தரும் குரூப்ல சேந்துட்டாரு.